சாரங்காவுக்கு இல்லாத சனி

வட்டக்கச்சிச் சாரங்கா இன்று மாகாணப் பெண்கள் கூடைப்பந்து அணியில் விளையாடுகிறாள். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே போய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிற இடம் அவளுடையது. ஆங்கிலத்தில் அந்த இடத்தைக் ‘கார்ட்’ என்பார்கள். அந்த இடத்தில் அவளைவிடத் திறமான பிள்ளை வடக்கில் இப்போது இல்லை என்று விளையாட்டு விளங்கியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் லீவுக்கு ஊருக்கு வந்தால் கேற்றுக்கு வெளியே தலைகாட்ட மாட்டாள். கடைக்கும் தம்பியைத்தான் அனுப்புவாள். வெளியூர்க்காரர் இதைத் தலைக்கனம் என்று நினைக்கக்கூடும். எங்களுக்குத் தெரியும், அது வெட்கம். அந்த வெட்கத்தின் கதையைச் சொல்லாமல் அவளுடைய விளையாட்டின் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தவர் தாட்சாயினி ரீச்சர். கணிதம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அதுவரை எங்கள் பெண் பிள்ளைகள் வலைப்பந்துதான் விளையாடினார்கள். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அதோடு ஓடக் கூடாது. அந்தப் பழக்கம் கால்களில் ஊறிப்போயிருந்தது. ரீச்சர் பந்தை எறிவார், பிள்ளை பிடிப்பாள், பிடித்த கையோடு கோயில் சிலையாகி நிற்பாள். "ஓடுங்கோவன் பிள்ளையள்! இதில ஓடலாம்!" என்று கத்திக் கத்தி ரீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. முதல் நாளே ஓடியவள் சாரங்கா ஒருத்திதான். அவளுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்.

அவளுக்குப் பக்கத்தில் ஓடப் பழகியவள் நிரோஜா. இரண்டு பேருக்கும் ஒரே ஒழுங்கையில் வீடு, ஒரே வகுப்பு. சாரங்காவின் தாயை மாமி என்றும் தகப்பனை மாமா என்றும் கூப்பிட்டுக்கொண்டு அந்த வீட்டுக் குசினிவரை போய்வருகிறவள். சாரங்கா எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்பது அவள் திரும்புவதற்கு முன்னமே நிரோஜாவுக்குத் தெரிந்துவிடும். பந்து போகிற இடத்தில் அவள் நிற்பாள்.

பிள்ளைகள் வலயப் போட்டியில் வென்று வந்ததும் ஊருக்கு ரோசம் வந்தது. மண்ணில் விளையாடிக்கொண்டு கிண்ணம் தூக்குகிறார்கள், ஒரு தளம் போட்டுக் கொடுக்க எங்களால் முடியாதா என்று பேச்சு எழுந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் கம்பங்களை அனுப்பினார்கள். மிச்சமெல்லாம் ஊரார் கூலியில்லாமல் செய்த சிரமதானம். அந்தச் சிரமதானத்தில் எல்லோருக்கும் முன்னுக்கு நின்றவர் சாரங்காவின் தகப்பன் விமலேந்திரன். உழவு மெசின் வைத்திருக்கிற கமக்காரன், வாயும் பெரிது, மனமும் பெரிது. மெசினுக்குப் பின்னால் கொழுவிய பெட்டியில் மணல் ஏற்றி வந்து கொட்டி, கொங்கிறீற்றுக் குழைத்து, "வட்டக்கச்சி எண்டா ஆரெண்டு காட்டுவம்" என்று அன்று அவர் போட்ட சத்தம் குளக்கட்டுவரை கேட்டது.

தளம் வந்ததும் எங்கள் குணத்தைக் காட்டினோம். அறுவடைக் காலத்தில் அதில் நெல்லைக் காயப் போட்டோம். அவ்வளவு அழகான வழுவழுப்பான இடத்தை யார்தான் விட்டுவைப்பார்கள்? பின்னேரம் பிள்ளைகள் வந்து, நெல்லை ஓரத்துக்குக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் விளையாட வேண்டும். எவ்வளவு கூட்டினாலும் உமியும் தூசியும் கிடக்கும், கால் வழுக்கும். வழுக்காமல் இருக்கச் சாரங்கா பந்தை முழங்காலுக்குக் கீழேயே தட்டப் பழகினாள். சின்னச் சின்ன அடி வைத்துச் சட்டென்று திரும்பப் பழகினாள். பின்னாளில் பெரிய பயிற்றுநர்மார் இந்தப் பிள்ளைக்கு இந்தக் கால் எங்கே பழகினது என்று வியந்தார்கள். எங்கள் நெல்லில் பழகினது.

பெற்றோலுக்கு எல்லோரும் வரிசையில் நின்ற அந்த வருடம், கிளிநொச்சியில் நடந்த ஒரு போட்டியில் அவளை வவுனியா நகரத்துக் கல்லூரி ஒன்றின் கோச் பார்த்துவிட்டார். விமலேந்திரனைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். விடுதி இருக்கிறது, நல்ல தளம் இருக்கிறது, தினமும் பயிற்சி, கொழும்புப் போட்டிகள், தேசிய அணித் தெரிவுக்குப் போகலாம். சாரங்கா பத்தாம் வகுப்பு.  போகவேண்டும் என்று ஆசைப்பட்டாள், அவ்வளவு ஆசைப்பட்டாள்.

ஆசைப்பட்டது பிழையே இல்லை. நேரே வந்து சொல்லியிருந்தால் நாங்கள் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருப்போம், பிறகு நாங்களே பஸ் ஏற்றிவிட்டிருப்போம். ஆனால் விமலேந்திரனுக்கு ஊர் வாய் பயம். தளம் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. "ஊரைக் கொண்டு கொங்கிறீற்றும் போடுவிச்சு, பிள்ளையையும் கொண்டு ஓடுறான்" என்று சொல்வார்களே என்று நினைத்து நினைத்து மனிதன் மெலிந்துபோனார். சாரங்கா போனால் அந்த அணி விழுந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் யாரும் எதிர்த்துப் பேச முடியாத ஒன்றைத் தேடினார். எங்கள் பக்கத்தில் அப்படியானது ஒன்றே ஒன்றுதான். சாதகம் பார்த்துச் சொல்கிற சாத்திரம். சாத்திரி சொன்னார் என்பதற்காகப் பிறந்த பிள்ளையின் முகத்தை ஒரு வருடம் பார்க்காமல் இருந்த தகப்பன்மார் எங்களுக்குள் இருக்கிறார்கள். வீட்டு வாசலை இடித்து மறுபக்கம் வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

பள்ளிக்கூட விறாந்தையில் தாட்சாயினி ரீச்சருக்கு முன்னால் நின்று அவர் சொன்னார்:

"சாத்திரியார் கண்டிப்பாச் சொல்லிப்போட்டார் ரீச்சர். பிள்ளைக்கு ஏழரைச் சனி. பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில வைச்சிருந்தா உயிருக்கே ஆகாதாம். இடம் மாத்தச் சொல்லுறார்."

 ரீச்சர் சாரங்காவைப் பார்த்து, "ஓமோ பிள்ளை?" என்று கேட்டார்.

சாரங்கா செருப்பைப் பார்த்துக்கொண்டு, "ஓம் ரீச்சர்" என்றாள்.

"அப்ப என்ன செய்யிறது. எங்க இருந்தாலும் நீ சுகமா இருந்தாக் காணும்" என்று ரீச்சர் அவளுடைய தலையைத் தடவினார். தகப்பன் சொன்ன பொய் தகப்பனுடையது. அந்த ஓம் மட்டும் தன்னுடையது என்று சாரங்காவுக்கு அப்போதே தெரிந்தது. தடவின கை தலையிலிருந்து எடுபட்ட பிறகும் அவள் நிமிரவில்லை.

அன்று பின்னேரம் நிரோஜா அழுது வீங்கின கண்ணோடு குசினிக்குள் வந்தாள். சாரங்காவின் தாய் ஜெகதீஸ்வரி அடுப்படியில் நின்றாள்.

"மாமி, சாரங்கான்ர நட்சத்திரம் என்ன?"

"ஏன் பிள்ளை?"

"புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கத்தான். அவள் அங்க ஹொஸ்டலில, ஆர் எரிப்பினம்? நான் எரிக்கிறன்."

ஜெகதீஸ்வரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாரங்காவின் நட்சத்திரம் அத்தம், கன்னி ராசி. கன்னிக்கு அப்போது சனியே இல்லை. எந்த ராசிக்குச் சனி, எந்த ராசிக்கு இல்லை என்று கோயில் மதிலிலேயே எழுதி ஒட்டியிருக்கும் ஊரில் அந்த நட்சத்திரத்தை எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள். வந்தது அவளுடைய சொந்த நட்சத்திரம்.

"சதயம் பிள்ளை. கும்ப ராசி."

கும்பத்துக்கு உண்மையாகவே ஏழரை நடந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்த சாரங்காவுக்கு எல்லாம் கேட்டது. வெளியே வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உடுப்பை எடுத்து, மடித்து, திரும்பவும் எடுத்து மடித்தாள்.

வவுனியாவில் அவள் விளையாட்டு ஏறுமுகம்தான். வழுக்காத தளத்தில் அந்தக் கால்களுக்குச் சிறகு முளைத்தது என்றே சொல்ல வேண்டும். அடுத்த வருடமே முதல் ஐவரில் ஒருத்தி. கொழும்பில் பெரிய பெரிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவால் பந்தைக் கொண்டுபோனாள். விடுதிச் சாப்பாடும் பயிற்சியும் அவளை உயர்த்தி உரமாக்கின. விளையாடுகிற நேரத்தில் அவளுக்கு எதுவும் ஞாபகம் வராது. விளையாட்டு முடிந்து போனைக் கையில் எடுத்தால்தான் வரும்.

"உனக்காண்டி எள்ளெண்ணெய் எரிக்கினம் பிள்ளை. ஒரு சனியும் விடேல்லை. ரீமில இருக்கிற எல்லாப் பிள்ளையளும் நிரோஜாவோட போகினம்" என்று முதல் புரட்டாதியில் தாய் சொன்னாள்.

"சொல்லிப்போடுங்கோ அம்மா."

"எதை?"

"எனக்குச் சனி இல்லையெண்டு."

தாய், "இனி எந்த முகத்தோட சொல்லுறது" என்றாள்.  அடுத்த புரட்டாதிக்கும் இதே கதை நடந்தது, இதே இடத்தில் நின்றது.

கொழும்பில் ஒரு போட்டியில் அவள் கிண்ணம் வாங்கின அன்று நிரோஜாவின் குரல் வட்ஸ்அப்பில் வந்தது. "பாத்தியோடி! சனி விலகத் துவங்கீட்டுது! நான் சொன்னனான் எல்லோ!" பின்னால் மற்றப் பிள்ளைகள் ஆரவாரம் செய்வதும் கேட்டது. சாரங்கா அதைப் பல தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் உடம்பு குன்றிப்போனது.  கும்பிடுகிற கைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு புரட்டாதி மாதத்தில் ஊருக்கு வருவதை விட்டுவிட்டாள். பயிற்சி இருக்கிறது என்பாள். அது சனிப் பொய்க்கு மேல் இன்னொரு பொய்.

மூன்றாவது புரட்டாதியில் தப்ப முடியவில்லை. மாகாண இறுதிப் போட்டி கிளிநொச்சியில், சனிக்கிழமை. ஒரு பக்கம் வவுனியாக் கல்லூரி. மற்றப் பக்கம், சாரங்கா இல்லாவிட்டால் விழுந்துவிடும் என்று நாங்கள் நினைத்த எங்கள் பிள்ளைகள். விழவில்லை. நிரோஜா பந்தை எடுத்துக்கொண்டு ஓடப் பழகி, மற்றவர்களையும் பழக்கி, அங்கேவரை கொண்டுவந்துவிட்டாள். பார்ப்பதற்கு உழவு மெசின் பெட்டிகளில் ஏறிப் போனோம். சாரங்கா கூடைக்குள் போட்டாலும் கைதட்டினோம், நிரோஜா போட்டாலும் கைதட்டினோம். பக்கத்தில் இருந்த வவுனியாக்காரர் எங்களை விசரர் என்று நினைத்திருப்பார்கள்.

சாரங்காவை மறிக்கிற வேலை நிரோஜாவுக்கு. முதல் பாதியில் மறித்தாளே, என்ன மறிப்பு! இவள் திரும்புகிற பக்கமெல்லாம் அவள் முன்கூட்டியே நின்றாள். புள்ளிகள் சமமாகவே போயின. கோச் கோபத்தில் குதித்தார். இடைவேளையில் எங்கள் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலை நீட்ட, நிரோஜா தலையை ஆட்டி மறுத்ததைச் சாரங்கா கண்டாள். களைக்கவில்லை என்று காட்ட நடிக்கிறாள் என்று நினைத்தாள்.

இரண்டாம் பாதியில் நிரோஜாவின் கால் பிந்தியது. உதடு வெளுத்துக் காய்ந்துபோயிருந்தது. விசில் ஊதுகிற நேரமெல்லாம் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். வவுனியாக் கோச் அதைக் கண்டுகொண்டார். "சாரங்கா! அவளிட்டக் காத்துப் போட்டுது! அந்தப் பக்கத்தாலயே போ!" என்று கத்தினார். சாரங்கா அந்தப் பக்கத்தாலேயே போனாள். திரும்பத் திரும்பப் போனாள். ஒருமுறை இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கையில், பந்தைத் தட்டிக்கொண்டே, எதிராளியைச் சீண்டுகிற பழக்கத்தில் கேட்டாள்:

"என்னடி, காலமை சாப்பிடேல்லையே?"

நிரோஜா மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். "இல்லையடி" என்றாள்.

அந்தச் சிரிப்பின் பக்கத்தால் சாரங்கா புகுந்து போய்ப் பந்தைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் நிரோஜாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து விழுந்துவிட்டாள். ரீச்சர் வெளியே எடுக்கப் பார்த்தார், அவள் மாட்டேன் என்று எழும்பி நொண்டிக்கொண்டு விளையாடினாள். வவுனியா வென்றது. சிறந்த வீராங்கனைக் கிண்ணமும் சாரங்காவுக்குத்தான். எங்களுக்கு அதிலும் சந்தோசம்தான்.

கிண்ணத்தோடு நின்றவளைத் தேடி நிரோஜா நொண்டி நொண்டி வந்தாள். மகளைக் கூட்டிக்கொண்டு போக மோட்டார் சைக்கிளோடு வந்திருந்த விமலேந்திரனும் பக்கத்தில்தான் நின்றார்.

"வாடி கோயிலுக்கு. இண்டைக்கு ரெண்டாம் சனி. நாங்கள் விடிய முன்னம் வெளிக்கிட்டதில கோயில் திறக்கேல்லை. இப்ப போய் எரிச்சுப்போட்டுத்தான் நான் வாயில ஏதும் வைக்கலாம். நீயும் நிக்கிறாய், உன்ர சனிக்கு ஒருக்கா உன்ர கையால எரி."

சாரங்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "நீ விரதமோ?"

"மூண்டு வருசமாப் பிடிக்கிறன். மாமி சொல்லேல்லையே? பச்சைத் தண்ணியும் இல்லை. பழகிட்டுது, ஆனா விளையாடிக்கொண்டு பிடிச்சது இண்டைக்குத்தான். செத்துப்போனன்!" என்று அவள் சிரித்தாள்.

விளக்கு எரிப்பது மட்டும்தான் சாரங்காவுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் அவளுக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்வது. சாப்பிடவில்லையா என்று கேட்ட தன் வாயைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. தனக்காகப் பட்டினி கிடந்தவளின் பட்டினியைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பக்கத்தால் புகுந்து புகுந்து வாங்கின கிண்ணம் கையில் இருந்தது.

"நேரம் போட்டுது பிள்ளை, வீட்ட போவம். கோயிலுக்கு இன்னொரு நாள் போகலாம்" என்றார் விமலேந்திரன். அவருடைய குரலில் இருந்த அவசரம் சாரங்காவுக்குத் தெரியும். கிண்ணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு நிரோஜாவோடு உழவு மெசின் பெட்டியில் ஏறினாள். அவர் பின்னால் வந்தார்.

புரட்டாதிச் சனியில் எங்கள் கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றி நிற்க இடமிருக்காது. எள்ளுப் பொட்டலம் எரிகிற மணம் வீதிவரை வரும். வழியில் நிரோஜாவின் தாய் சோற்றுப் பார்சலைக் கொடுத்துவிட்டிருந்தாள். நிரோஜா அதை மடப்பள்ளிப் பக்கம் வைத்துவிட்டு வந்து, இரண்டு சட்டியில் எண்ணெய் விட்டுக் கொளுத்தி, ஒன்றைச் சாரங்காவின் கையில் கொடுத்தாள். ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வந்தார். நிரோஜா வாயைத் திறக்க முன்னமே அவர், "தெரியும் பிள்ளை. சாரங்கா, சதய நட்சத்திரம், கும்ப ராசி" என்றார். அத்தனை சனிக்கிழமை சொல்லிச் சொல்லி அவருக்கும் பாடமாகிவிட்டிருந்தது.

"இல்லை ஐயா" என்றாள் சாரங்கா. "நான்தான் சாரங்கா. அத்த நட்சத்திரம். கன்னி ராசி."

ஐயர் கையை நிறுத்தினார். "கன்னியோ? கன்னிக்குச் சனி இப்ப ஆறிலயல்லோ நிக்குது. நல்ல காலமெல்லோ உனக்கு. ஏழரை எண்டு ஆர் பிள்ளை சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நாங்களாச் சொன்னது ஐயா. பள்ளிக்கூடம் மாறுறதுக்கு."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சுற்றி நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மணல் ஏற்றினவர்கள், கொங்கிறீற்று ஊற்றினவர்கள், பாதிப்பேர் அங்கே நின்றோம். மேல்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தூணடியில் நின்ற விமலேந்திரன் எங்களைப் பார்க்காமல் கோபுரத்தைப் பார்த்தார். அந்த நேரம் எனக்கு அவரில் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. கோபம் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது, இன்னும் இருக்கிறது.

 நிரோஜா எரிகிற சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஐயர்தான், "அப்ப இண்டைக்கு ஆற்ற பேருக்குச் செய்யிறது?" என்றார்.

"என்ர பேருக்குச் செய்யுங்கோ ஐயா. நிரோஜா. திருவோணம், மகர ராசி."

"மகரமோ!" ஐயருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உனக்கெல்லோ பிள்ளை ஏழரை நடக்குது! இவ்வளவு நாளும் உனக்கு எரிக்கேல்லையோ?"

"ஒரு விரதம் ஒரு ஆளுக்குத்தானே ஐயா" என்றாள் நிரோஜா. "எனக்கு வீட்டில ஆக்கள் இருக்கினம். இவள் அங்க தனிய எண்டுதான்..."

சொல்லி முடிக்கவில்லை. ஐயர் திரும்பி மந்திரம் சொல்லத் தொடங்கினார். சாரங்கா தன் கையிலிருந்த சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அது சுடச் சுட வைத்துக்கொண்டு நின்றாள். அழுகையும் வரவில்லை. அழுவதற்கும் ஒரு முகம் வேண்டும்.

பூசை முடிந்ததும் நிரோஜா சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு வெளி வீதி மதிலடியில் போய் இருந்தாள். காகத்துக்கு ஒரு பிடி வைத்தாள். பிறகு சாப்பிடத் தொடங்கினாள். விடியற்காலையிலிருந்து கிடந்த பசி, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். சாரங்கா அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். மன்னிச்சுக்கொள் என்று சொல்லத்தான் வந்தாள். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. நின்றுகொண்டே இருந்தாள்.

நிரோஜா திரும்பிப் பார்க்காமல், வாயில் சோற்றோடு சொன்னாள்:

"போ. கொப்பர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சாரங்காவின் தகப்பனை அவள் மாமா என்றுதான் சொல்லிவந்தாள்.